எட்டாவது பாகம் ஆகஸ்டில்

இராயக்கோட்டை மண்டியில்
மூணரை மணிக்கே விளக்கு எரியும்.
கிரேட் எண்ணி, சீட்டு எழுதி,
இடையில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில்
மேசை டிராயருக்குள் போனைச் சாய்த்து வைத்து
நான் பார்க்கும் தொடருக்கு
மாசம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மூன்று பேர் பங்கு.
நான், பிக்கப் ஓட்டும் திம்மராயன்,
ஓசூரில் ஷிப்டுக்குப் போகும் முனிலட்சுமி.
ஆளுக்கு அறுபத்தாறு போட்டால்
ஒரு ரூபாய் இடிக்கும்.
அந்த ரூபாயை மாசாமாசம் நான்தான் போடுகிறேன்.
அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு திரைதான் ஓடும்.
மூன்றாவதாய்த் திறப்பவருக்கு
வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று வரும்.
ராத்திரி ஷிப்டு முடித்து
கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும்
'யாருடி அது' என்று அனுப்புவாள் முனிலட்சுமி.
நான் மூடிவிட்டுத் தக்காளிக்குத் திரும்புவேன்.

போன மாசம் அது ஒரு கேள்வி கேட்டது:
நீங்கள் எல்லாரும் ஒரே வீடுதானா?
என்ன சொல்ல.
ஒருத்தன் கோலார் ரோட்டில்,
ஒருத்தி பேக்கரி மாடியில், நாலு பேர் படுக்கும் அறையில்,
நான் தராசுக்குப் பக்கத்தில்.
ஆமாம் என்று அமுக்கினேன்.
அப்போதைக்கு விட்டுவிட்டது.

முன்பெல்லாம் எட்டு பாகமும் ஒரே ராத்திரி இறக்குவார்கள்.
ஒரு ஞாயிறு, ஒரு தலைவலி, முடிந்தது கதை.
ஒரு மாசம் கட்டுவோம்,
எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளுவோம்,
அடுத்த மாசம் நிறுத்துவோம் என்பான் திம்மராயன்.
அது அவர்களுக்கும் தெரிந்துபோச்சு போல.
இப்போது வெள்ளிக்கு ஒன்று.
ஜூன் பதிமூன்றில் தொடங்கி
ஆகஸ்ட் ஒன்றில் முடிகிற கதை
எங்கள் சந்தாத் தேதி இருபத்தேழை
இரண்டு தரம் தாண்டுகிறது.
எட்டு மணி நேரக் கதைக்கு
மூன்று மாசக் காசு, ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
சீட்டு எழுதுகிறவளிடமா இந்தக் கணக்கு.

கோபம் வரவில்லை. பொறாமைதான்.
எல்லாச் சரக்கும் ஒரே ராத்திரி இறங்கினால்
விலை விழும் என்று
அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இங்கே கெலமங்கலம், சூளகிரி, பாலக்கோடு,
எல்லா வண்டியும் ஒன்றாய் வந்து நிற்கிறது.
கிரேட் தொண்ணூறுக்கு ஏலம் போகிறது.
வெள்ளிக்கு ஒன்றாய் வா என்று
எந்தத் தக்காளியிடம் சொல்வது.
வியாழனே ஒழுகிவிடும்.

ஜூலை பதினைந்து. முதலாளி பாதிச் சம்பளம் தந்தார்.
நிறுத்து என்கிற இடத்தை
தள்ளித் தள்ளித் தேடிப் பிடித்தேன்.
நிச்சயமாகவா என்றது.
விளம்பரத்தோடு பார்த்தால் நூற்றொன்பதுதான் என்றது.
ஏன் போகிறீர்கள்?
விலை அதிகம். பார்க்க ஏதுமில்லை. வேறு.
தக்காளி என்று இல்லை.
வேறு.
இருபத்தாறு வரை பாருங்கள் என்று
பெரிய மனசு பண்ணியது.
ஏழாவது பாகம் இருபத்தைந்தில் வந்தது.
கிணற்று விளிம்பில் ஒருத்திக்குக் கை நழுவுகிறது.
யார் பிடித்தார்கள் என்று காட்டாமலே முடிந்தது.

ஆகஸ்ட் இரண்டு, இருட்டு பிரியும் முன்னே
காலி கிரேட்களோடு வந்தான் திம்மராயன்.
அத்திப்பள்ளிப் பஞ்சர் கடைக்காரன் போனில்
எட்டாவது பார்த்துவிட்டேன் என்றான்.
முனிலட்சுமியை ஸ்பீக்கரில் போட்டேன்.
பஸ் இரைச்சல். 'சொல்லுடா.'
கை நழுவிச்சா,
மேலே ஒரு வெளிச்சம் வந்துச்சா,
வந்தது யாரு தெரியுமா என்று நிறுத்தி
டீக்கடைப் பக்கம் பார்த்தான்.

டீ சொன்னேன். வடையும்.
கொஞ்சம் சொன்னான்.
மீதி திங்கட்கிழமை, லோடுக்கு வரும்போது என்றான்.

நிஜமாய்ப் பார்த்தானா,
ஓசூர் தாண்டி வரும் வழியில் கட்டினானா, தெரியவில்லை.
வெளிச்சத்தோடு வந்தவன்
ஒரு பிக்கப் வண்டியில் வந்தான் என்று சொன்னபோது
எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது.
இருபத்தெட்டு ரூபாய் என்று
சீட்டின் பின்பக்கம் குறித்தேன்.

முனிலட்சுமி இன்னும் லைனில் இருக்கிறாள்.
திங்கள் எனக்குப் பகல் ஷிப்டு,
அவன் சொல்றதை
ரெக்கார்டு பண்ணி அனுப்புவியா?